தாத்தாவின் ஹெரால்டும் பக்கத்து வீட்டு ஸ்பிட்ஃபயரும்

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. காரைப் பற்றித்தான், ஆனால் கார் ஓட்டத் தெரியாதவர்களும் தைரியமாகப் படிக்கலாம். இந்தக் கதை ஆரம்பித்தபோது எனக்கும் ஸ்பானர் பிடிக்கத் தெரியாது.

ஆணி பிடுங்குவதற்காக இங்கிலாந்தில் கவென்ட்ரிக்கு வந்து இரண்டாவது வருஷம். பக்கத்து வீட்டில் ஒரு பெரியவர். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். பார்த்தால் கை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். அதுக்கு மேல் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு சனிக்கிழமை காலை அவருடைய கராஜ் கதவு திறந்திருந்தது. உள்ளே பழைய தார்பாயை விலக்கிவிட்டு ஒரு சின்னக் காரின் பானெட்டைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

எல்லாக் காரிலும் பானெட் என்றால் என்ஜின் மேல் இருக்கும் ஒரு மூடி, அவ்வளவுதான். இதில் அப்படி இல்லை. மட்கார்டு, விளக்கு, மூக்கு எல்லாம் சேர்ந்து காரின் மொத்த முன்பாதியும் முன்பக்கமாகச் சாய்ந்து எழுந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த வாயை நான் பார்த்திருக்கிறேன்!

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். கும்பகோணத்தில் எங்கள் தாத்தா வீட்டுக் கொல்லையில், கீத்துக் கொட்டகைக்குள் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு நின்றது. ஓடி நான் பார்த்ததில்லை. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தாத்தா முன்பக்கத்தைத் தூக்குவார். கண்ணாடிக்கு முன்னால் மொத்த இரும்பும் எழும்பி நிற்கும். நான் அதற்கு 'முதலை' என்று பேர் வைத்திருந்தேன். எனக்கு எட்டு வயசு இருக்கும்போது அந்த முதலை எடைக்குப் போனது. அதைப் பற்றி கடைசியில் சொல்கிறேன்.

பெரியவரிடம் போய், "இது ஹெரால்டா?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வயசில் ஒருத்தன், அதுவும் இந்தியாவிலிருந்து வந்தவன், ஹெரால்டு என்ற பேரைச் சொல்வான் என்று எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. "ஹெரால்டின் தம்பி" என்றார். 1968ல் செய்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர், மூன்றாவது மாடல். 1983ல் வாங்கி, 1994ல் ஓரங்கட்டி, பிள்ளைகள், வீட்டுக் கடன் என்று வாழ்க்கை ஓடி, இப்போதுதான் தார்பாயை விலக்கியிருக்கிறார். "உனக்கு டார்ச் பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஒன்றரை வருஷத்துக்கு என் சனிக்கிழமைகள் அவர் கராஜில்தான் கழிந்தன.

டார்ச் பிடித்துக்கொண்டே கேட்டதும், ராத்திரி உட்கார்ந்து படித்ததும் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு.

தகடு தர மாட்டேன் என்றார்கள்

கவென்ட்ரியில் 1903ல் ஆரம்பித்த கம்பெனி ஸ்டாண்டர்ட் மோட்டார். இரண்டாம் உலகப்போர் முடியும் சமயம், நொடித்துப் போயிருந்த டிரையம்ப் கம்பெனியை வாங்கிப் போட்டார்கள். தொழிற்சாலை இருந்தது கேன்லி என்ற பகுதியில். நான் இருக்கும் வீட்டிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம்.

1950களில் கார் செய்கிற முறையே மாறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் கீழே ஏணி மாதிரி ஒரு கனமான இரும்புச் சட்டம் இருக்கும், அதுதான் சேசிஸ். என்ஜினும் சக்கரமும் அதில் மாட்டியிருக்கும். உடல் தனியாகச் செய்து மேலே உட்காரவைக்கப்படும். நம் ஊர் லாரி இன்றைக்கும் அப்படித்தான். புது முறையில் சேசிஸ் கிடையாது. தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாக ஒட்டவைத்தால் அந்த உடலே எடையைத் தாங்கிக்கொள்ளும். எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் அதற்குப் பெரிய பெரிய அச்சுகளும் ராட்சச பிரஸ்களும் வேண்டும். அவை ஸ்டாண்டர்டிடம் இல்லை. ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற கம்பெனிதான் அவர்களுக்கு உடல் செய்து கொடுத்தது.

1953ல் ஃபிஷர் அண்ட் லட்லோவை பி.எம்.சி. விழுங்கியது. ஆஸ்டின், மாரிஸ் எல்லாம் சேர்ந்த கம்பெனி அது. ஸ்டாண்டர்டின் நேரடிப் போட்டியாளர். உங்கள் அடுத்த காருக்கு உடல் செய்து தர முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். பங்காளி கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தவனுக்குக் கயிறை அறுத்துவிட்ட கதை.

தலைமைப் பொறியாளர் ஹாரி வெப்ஸ்டருக்கு இருந்தது ஒரே வழிதான். பழைய மாதிரி சேசிஸ் போடுவது. உடலைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிரித்து, பர்மிங்ஹாம், லிவர்பூல் என்று கிடைத்த இடத்தில் செய்து வாங்கி, கவென்ட்ரியில் போல்ட் போட்டு முடுக்குவது. வடிவம் வரைந்து கொடுத்தவர் இத்தாலியில் டூரின் நகரத்து ஜியோவன்னி மிக்கெலோட்டி. ரகசியப் பெயர் 'ஸோபோ'. திபெத்துப் பக்கம் சுமை தூக்குகிற, பாதி யாக் பாதி மாடான பிராணிக்கு அந்தப் பேர். காருக்குப் பொருத்தமான பேர்தான் :-)

1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ஹெரால்டு வெளியானது. மேடையிலேயே துண்டுகளைக் கொண்டுவந்து சில நிமிஷத்தில் ஒரு காரை மாட்டிக் காட்டினார்கள். வேறு வழியில்லாமல் செய்ததையே வித்தையாக்கிவிட்டார்கள். அதே 1959 ஆகஸ்டில் பி.எம்.சி. மினி காரை வெளியிட்டது. சேசிஸ் இல்லாத, புதுமைக்கு இலக்கணமான கார் அது. அதன் பக்கத்தில் ஹெரால்டு ஒரு தலைமுறை பின்தங்கிய வண்டி.

ஆனால் அந்தப் பின்தங்கிய முறையில் சில சௌகரியங்கள் இருந்தன. கூரையைக் கழற்றி வேறு கூரை மாட்டினால் திறந்த கார். பின்பாதியை மாற்றினால் ஸ்டேஷன் வேகன். முன்பாதி மொத்தமும் தூக்கினால் என்ஜின், ஸ்டியரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் கைக்கு எட்டும், முன்டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பும். பெட்டியில் துண்டு துண்டாகக் கப்பல் ஏற்றி, வேறு நாட்டில் மாட்டிக்கொள்ளலாம். இந்தக் கடைசி வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மெட்ராஸ் அங்கேதான் வரப்போகிறது.

தூசித் துணிக்கு அடியில்

அந்தக் காலத்தில் இங்கே இளவட்டங்களுக்கு மலிவான ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் மோகம். 1958ல் பி.எம்.சி.யின் ஆஸ்டின் ஹீலி ஸ்பிரைட் வந்து சக்கைப்போடு போட்டது. 1960ல் மிக்கெலோட்டி, ஹெரால்டின் சேசிஸைக் கொஞ்சம் குட்டையாக்கி அதன் மேல் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வரைந்து கொடுத்தார். மாதிரி வண்டியும் தயாரானது. ரகசியப் பெயர் 'பாம்', அதாவது குண்டு. ஆனால் கம்பெனி கஜானா காலி. வண்டியை ஓரமாகத் தள்ளித் துணி போட்டு மூடிவிட்டார்கள்.

1961ல் ஸ்டாண்டர்ட் டிரையம்பை லேலண்ட் வாங்கியது. ஆமாம், நம்ம எண்ணூர் அசோக் லேலண்டின் பேரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அதே லேலண்ட். என்னென்ன வாங்கியிருக்கிறோம் என்று பார்க்க வந்தவர்கள், மூலையில் தூசித் துணிக்கு அடியில் ஏதோ நிற்பதைப் பார்த்து விலக்கியிருக்கிறார்கள். உடனே தயாரிக்கச் சொல்லிவிட்டார்கள். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் ஸ்பிட்ஃபயர் வந்தது. 1147 சிசி என்ஜின், 63 குதிரை சக்தி, சுமார் 700 கிலோ எடை. பேர், உலகப்போரில் ஜெர்மன் விமானங்களோடு மோதிய போர் விமானத்தின் பேர். 1980 ஆகஸ்டில் கடைசி வண்டி வரும்வரை மொத்தம் 3 லட்சத்து 14 ஆயிரத்துக்கும் மேல் செய்தார்கள்.

பதினெட்டு வருஷம் ஓடிய ஒரு மாடல் தூசித் துணிக்கு அடியிலிருந்து பிழைத்து வந்திருக்கிறது. எங்கள் பெரியவரும் தார்பாயை விலக்கித்தான் ஆரம்பித்தார். இதை நான் சொன்னபோது அவருக்கு ஒரே சிரிப்பு.

ஹெரால்டிலிருந்து ஸ்பிட்ஃபயரை உருவாக்கும்போது ஒரு முக்கியமான மாற்றம் செய்தார்கள். ஹெரால்டின் சேசிஸில் நடுவே இரண்டு தண்டு, இரு ஓரத்திலும் கூடுதல் சட்டம். ஸ்பிட்ஃபயரில் எடையைக் குறைக்க ஓரச் சட்டத்தை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதிலாக, கதவுக்குக் கீழே முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே ஓடுகிற தகட்டுப் பெட்டி பாரத்தைத் தாங்க வேண்டும். வீட்டு வாசல்படி மாதிரி இருப்பதால் நாம் வாசல்படி என்றே சொல்லிக்கொள்வோம். மேலே கூரை கிடையாது. கீழே ஓரச்சட்டம் கிடையாது. காரின் உடல் நடுவில் தொங்கிவிடாமல் காப்பாற்றுவது இந்த வாசல்படிதான்.

துரு முதலில் தின்பதும் அதைத்தான்.

உப்பு

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் பிராணவாயுவும் போதும். தண்ணீரில் உப்பு கலந்தால் அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துரு பல மடங்கு வேகமாக ஏறும். தூத்துக்குடி உப்பளப் பக்கம் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

இங்கே கடல் பக்கத்தில் இல்லாத ஊரிலும் உப்பு உண்டு. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க லாரி லாரியாகக் கல்லுப்பு தூவுவார்கள். செஷயர் மாவட்டத்தில் வின்ஸ்ஃபோர்டு என்ற ஊரில் 1844லிருந்து இருக்கும் சுரங்கத்தில் வெட்டி எடுக்கிற உப்பு. உப்புச் சேறு சக்கரத்திலிருந்து தெறித்து வாசல்படிக்குள் புகும். வெளியேறும் ஓட்டைகளைச் சேறே அடைத்துக்கொள்ளும். 1960களின் மலிவு கார்களில் அந்தப் பெட்டிகளுக்குள் பெயின்ட்கூட ஒழுங்காகப் போகவில்லை. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும். அதனால் இரண்டு தகடு சேருகிற இடத்தில் உள்ளே வளர்ந்து, தகட்டையே பிளந்துகொண்டு வெளியே வரும். வெளியில் ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிற அன்றைக்கு உள்ளே கதை முடிந்திருக்கும்.

அடுத்து சட்டம் வந்தது. 1960ல் எம்.ஓ.டி. என்ற கட்டாய வாகனச் சோதனை தொடங்கியது. முதலில் பத்து வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு, 1967லிருந்து மூன்று வருஷம் தாண்டியதற்கே. ஆரம்பத்தில் பிரேக், விளக்கு, ஸ்டியரிங்தான் பார்த்தார்கள். 1977ல் உடலும் சேசிஸும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதும் பட்டியலில் சேர்ந்தது. என்ஜின் அருமையாக ஓடும், ஆனால் வாசல்படியில் ஓட்டை இருந்தால் ஃபெயில். கூலி கொடுத்து வெல்டிங் செய்கிற செலவில் வேறு ஒரு பழைய கார் வாங்கிவிடலாம். ஆயிரக்கணக்கில் ஸ்போர்ட்ஸ் கார்கள் காயலான் கடைக்குப் போனது இப்படித்தான். பெரியவரின் வண்டி 1994ல் ஃபெயில் ஆனதும் இதே வாசல்படியால்தான்.

கராஜ்காரர்கள்

அப்படியானால் மிச்சமுள்ள வண்டிகளைக் காப்பாற்றியது யார்? கம்பெனி இல்லை. 1968ல் பிரிட்டிஷ் லேலண்ட் என்று ஒன்றாகச் சேர்ந்து, வேலைநிறுத்தம், நஷ்டம் என்று தள்ளாடிக்கொண்டிருந்தார்கள். டிரையம்ப் பெயரோடு கடைசியாக வந்த கார்கூட உள்ளுக்குள் ஒரு ஹோண்டாதான், அதுவும் 1984ல் நின்றது. காப்பாற்றியவர்கள் ஆபீஸ் முடிந்து வந்து கராஜில் விளக்குப் போட்டவர்கள்.

அவர்களுக்கு மூன்று விஷயம் கைகொடுத்தது. முதலாவது, மிக் வெல்டிங். கம்பிச்சுருள் தானாக வந்துகொண்டே இருக்கும், சுற்றி ஒரு வாயு காற்றைத் தள்ளி நிறுத்தும். கேஸ் வெல்டிங்கில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த தகடு சூட்டில் அப்பளமாக நெளிந்துவிடும். மிக்கில் புள்ளி புள்ளியாக வைத்துத் தப்பிக்கலாம். 1980களில் இது வீட்டு பிளக்கில் மாட்டுகிற அளவுக்குச் சின்னதாகவும் மலிவாகவும் வந்தது.

இரண்டாவது, சங்கங்கள். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் குடும்பத்துக்கு மட்டும் டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்று 1977ல் ஆரம்பித்தார்கள். எந்த போல்ட் எந்த அளவு, எந்த வருஷ கியர்பாக்ஸ் எதில் பொருந்தும் என்பதெல்லாம் பத்திரிகையில் எழுதி எழுதிச் சேர்த்தார்கள்.

மூன்றாவது, அச்சுகள். 1983ல் பிரிட்டிஷ் மோட்டார் இண்டஸ்ட்ரி ஹெரிடேஜ் டிரஸ்ட் உருவானது. மூடிய தொழிற்சாலைகளின் தயாரிப்புப் பதிவேடுகள் காப்பாற்றப்பட்டன. பழைய பிரஸ் அச்சுகளையும் தேடிப் பிடித்தார்கள். அவற்றை வைத்து 1988ல் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் காரின் முழு உடலையே புதிதாகச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். கார் நின்று எட்டு வருஷம் கழித்து! பொட்டி தட்டுகிற நமக்கு இது சுலபமாகப் புரியும். ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் மட்டும் கையில் இருந்தால் ஒரு நாள் அது சாகும். சோர்ஸ் கோட் இருந்தால் மறுபடி கட்டலாம். அச்சும் பதிவேடும்தான் காரின் சோர்ஸ் கோட்.

இனி எங்கள் வேலை. முதல் மாசம் முழுக்கக் கழற்றல் மட்டுமே. கழற்றுவதற்கு முன் போட்டோ. ஒவ்வொரு போல்ட்டும் தனிப் பையில், பை மேல் எழுத்து. துருப்பிடித்த போல்ட்டில் முந்தின வாரமே எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். பிறகு ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு உடல் முழுக்கக் குத்திப் பார்த்தோம். நல்ல தகடு 'டங்' என்னும். கெட்ட தகட்டில் ஸ்க்ரூடிரைவர் பிஸ்கட்டில் இறங்குவது மாதிரி இறங்கும். வெளியில் பளபளவென்று இருந்த இடத்தில் இரண்டு அங்குலத்துக்குப் பட்டி பூசியிருந்தது. யாரோ முன்னொரு காலத்தில் துருவை மறைத்த கைங்கரியம்.

வாசல்படியை வெட்டுவதற்கு முன் பெரியவர் கதவு இடைவெளியின் குறுக்கே ஒரு இரும்புக் குழாயை வெல்டிங் செய்தார். எதற்கு என்று கேட்டேன். இருபத்தி மூணு வயசில் அவரிடம் வேறொரு ஸ்பிட்ஃபயர் இருந்ததாம். ஆர்வத்தில் முட்டுக் கொடுக்காமல் இரண்டு பக்க வாசல்படியையும் ஒரே நாளில் வெட்டியிருக்கிறார். புதுசை வைத்து வெல்டிங் செய்து முடித்து, கதவை மூடிப் பார்த்தால் மூடவில்லை. உடல் நடுவில் அரை அங்குலம் தொங்கிவிட்டது. அரை அங்குலம்தான். அந்த வண்டி காயலான் கடைக்குப் போனது. "இந்த வண்டியில் நான் அவசரப்பட்டால் என் கையைத் தட்டு" என்றார். நான் அங்கே நின்றது டார்ச்சுக்காக இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

அதனால் ஒரு சமயத்தில் ஒரு பக்கம். உடல் சேசிஸில் முடுக்கியபடியே இருக்க வேண்டும். புது வாசல்படியை வைத்து, கதவை மாட்டி, இடைவெளி பார்த்து, கழற்றி, அரைத்து, மறுபடி வைத்து, மறுபடி கதவு மாட்டி. நான் எண்ணியதில் இடது பக்கத்துக்கு மட்டும் பதினாலு தடவை. பிறகு ஒரு புள்ளி வெல்டிங் இங்கே, ஆறவிட்டு அடுத்த புள்ளி ஒரு அடி தள்ளி. எல்லாம் முடிந்ததும் உள்ளே மெழுகை உருக்கிப் பீய்ச்சி அடித்தோம். 1968ல் யாரும் செய்யாத காரியம் அது.

மூலவர் யார்?

தரை, வாசல்படி, பின் மட்கார்டு, கதவுத் தகடு எல்லாம் புதுசு. அப்படியானால் இது 1968 கார்தானா?

நம்ம ஊரில் இதற்கு ஏற்கெனவே பதில் உண்டு. கோவிலுக்குத் திருப்பணி செய்யும்போது மண்டபத்தூண் மாறும், தளவரிசை மாறும், கோபுரத்தில் சுதை மாறும். கும்பாபிஷேகம் முடிந்தால் அதே கோவில்தான். மூலவர் அசையவில்லையே! இங்கே வாகனப் பதிவு அலுவலகமும் கிட்டத்தட்ட அப்படி ஒரு கணக்கு வைத்திருந்தது. பெரிதாக மாற்றப்பட்ட பழைய வண்டி அதே பதிவு எண்ணை வைத்துக்கொள்ள நீண்ட காலம் 8 மதிப்பெண் கேட்டார்கள். சேசிஸுக்கு 5. சஸ்பென்ஷன், அச்சு, கியர்பாக்ஸ், ஸ்டியரிங் ஒவ்வொன்றுக்கும் 2. நாம் காரின் இதயம் என்று நினைக்கிற என்ஜினுக்கு வெறும் 1!

இவர்கள் கணக்கில் மூலவர் சேசிஸ். வேறு வழியில்லாமல் ஹாரி வெப்ஸ்டர் போட்ட அதே சேசிஸ். புதுமையான கார்களில் உடல் போனால் கார் போயிற்று. பழைய முறையில் செய்த இந்தக் குடும்பத்தில் உடல் போனாலும் மறுபடி மாட்டலாம். 1959ல் குறையாகத் தெரிந்ததுதான் இன்றைக்கு ஒரு தபால்காரர் வீட்டுக் கராஜில் இதைச் சாத்தியமாக்கியிருக்கிறது. பொருள் நீடிப்பது எவ்வளவு நன்றாகச் செய்தார்கள் என்பதை மட்டும் பொறுத்ததில்லை. மறுபடி பிரிக்க முடியுமா என்பதையும் பொறுத்தது.

மெட்ராஸ்

துண்டு துண்டாகக் கப்பல் ஏற்றலாம் என்றேனே, அப்படித்தான் 1961ல் ஹெரால்டு மெட்ராசுக்கு வந்தது. சென்னைக்குத் தெற்கே பெருங்களத்தூர் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா. அம்பாசடர், பியட், ஹெரால்டு. அந்தக் கால இந்தியாவில் கார் என்றால் இந்த மூன்றுதான். படிப்படியாகப் பாகங்கள் இங்கேயே தயாராகின. 1960களின் பிற்பகுதியில் நாலு கதவு ஹெரால்டுகூட செய்தார்கள். அது இங்கிலாந்தில் வந்ததே இல்லை. பெரியவரிடம் சொன்னபோது அவர் நம்பவில்லை, படம் காட்ட வேண்டியிருந்தது.

இன்னொரு தகவல். 1963லேயே இங்கிலாந்தில் கார்களுக்கு ஸ்டாண்டர்ட் என்ற பெயரை விட்டுவிட்டார்கள். அந்த வார்த்தைக்கு 'சாதா' என்ற அர்த்தம் வந்துவிட்டதாம். மெட்ராசில் அந்தப் பெயர் ஹெரால்டு, கெஸல், கடைசியாக 1980களின் ஸ்டாண்டர்ட் 2000 வரை ஓடியது. கவென்ட்ரியில் பிறந்த பெயர் கால் நூற்றாண்டு கூடுதலாக வாழ்ந்தது நம்ம பெருங்களத்தூரில்.

ஸ்பிட்ஃபயருக்குத் தரைத் தகடு வெல்டிங் செய்த அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டேன். தாத்தா காலமான பிறகு அப்பாதான் காரை எடைக்குப் போட்டார் என்று இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் அவர் மேல் ஒரு கோபமும் உண்டு.

"ஏம்மா, அப்பா ஏன் அந்தக் காரை வித்தார்?"

"அப்பாவா? யாருடா சொன்னது? தாத்தாதான் கொடுத்தாரு. அவர் இருக்கும்போதே."

"தாத்தாவா?"

"உன் கால்ல தழும்பு இருக்கே, எங்கேர்ந்து வந்துச்சுன்னு நினைச்ச? முதலை, முதலைன்னு உள்ள குதிச்சுக்கிட்டு இருந்த. தரை பேந்து கால் உள்ள போயிடுச்சு. துரு இரும்பு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம், ஊசி போட்டாங்க. மறுநாள் காலையில தாத்தா காப்பிகூடக் குடிக்கல, நேரா காயலான் கடைக்காரரைக் கூட்டிட்டு வந்துட்டாரு."

தழும்பு எனக்குத் தெரியும். ஊசியும் ஞாபகம் இருக்கிறது. இரண்டையும் காரோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. இருபது வருஷமாக அப்பாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருந்தேன். காரணம் நான்.

இதில் எனக்கு வலித்தது வேறு. ஹெரால்டில் ஓரச்சட்டம் உண்டு என்று சொன்னேன் அல்லவா? அதில் வாசல்படி பாரம் தாங்குவதில்லை. தரைத் தகடு போனாலும் சேசிஸ் நன்றாக இருந்தால் வண்டி சாகவில்லை என்று அர்த்தம். ஸ்பிட்ஃபயரைவிட ஹெரால்டைக் காப்பாற்றுவது சுலபம். தாத்தாவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும், பேரன் காலில் ரத்தத்தைப் பார்த்த மறுநாள் அவர் சேசிஸைத் தட்டிப் பார்த்திருப்பாரா? மாட்டார். நானாக இருந்தாலும் மாட்டேன். இங்கே கராஜில் தகடு வாங்கிப் போட ஒரு கடை, கேட்டுச் சொல்ல ஒரு சங்கம், பதிவேட்டுக்கு ஒரு டிரஸ்ட் இருந்தது. கும்பகோணத்தில் தாத்தாவுக்கு இருந்தது ஒரு காயலான் கடைக்காரர் மட்டும்தான்.

அன்று ராத்திரியே அப்பாவுக்கும் போன் போட்டேன். காரைப் பற்றி எதுவும் பேசவில்லை. சாப்பிட்டாரா என்று கேட்டேன்.

ஹெரால்டு அவென்யூ

நாற்பது வருஷம் தாண்டிய, பெரிதாக மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018லிருந்து இங்கே எம்.ஓ.டி. கட்டாயம் இல்லை. பெரியவர் ஆனாலும் கொண்டுபோனார். 1994ல் எதில் தோற்றாரோ அதில் ஜெயிக்க வேண்டும் என்று ஒரு வைராக்கியம். பாஸ்! சோதனை செய்தவர் வாசல்படியைச் சுத்தியால் தட்டினார். 'டங்' என்றது. நாங்கள் இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளவில்லை.

திரும்பும்போது கேன்லி வழியாக ஓட்டினார். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது அலுவலகங்களும் ஷோரூம்களும்தான். தெருப்பெயர் மட்டும் மிச்சம்: ஹெரால்டு அவென்யூ. அந்தத் தெருவில் ஒரு தரம் போய், அதே சின்ன வட்டத்தில் திரும்பி வந்தோம். கூரை இல்லாத காரில் குளிர் காதைப் பிய்த்தது.

மக்களே, ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில், சித்தப்பா வீட்டில், ரைஸ்மில் ஓரத்தில் எங்காவது ஒரு ஹெரால்டு நின்றால், எடைக்குப் போடும் முன் குனிந்து சேசிஸை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் காயலான் கடைக்காரரை ஒரு வாரம் கழித்து வரச் சொல்லுங்கள். அதற்குள் ஹெரால்டு வைத்திருக்கும் யாரிடமாவது பேசிவிடலாம், சென்னையில் பழைய கார் ஊர்வலங்களில் அவர்கள் வருகிறார்கள்.

அதுவரைக்கும் குழந்தைகளை உள்ளே குதிக்க விடாதீர்கள்.